ஒன்றரை மீட்டர் குழாய்க்கு யார் பொறுப்பு?

காரைக்காலில் வீட்டைச் சூடாக்கியே தீர வேண்டும் என்கிற நாள் ஆண்டில் ஒன்றுகூட வருவதில்லை. மார்கழி விடியற்காலையில் கடற்காற்று கொஞ்சம் சிலிர்க்க வைக்கும். ஒரு போர்வை போதும். குளிர்நாடுகளில் வீடுதோறும் இருக்கும் எரிவாயு வெப்பக் கருவியை இந்த ஊர்க்காரர்கள் பார்த்திருக்கக்கூட வாய்ப்பில்லை. ஆனால் அதே வேலையைச் சிறிய அளவில் செய்யும் ஒரு பெட்டி இப்போது குளியலறைச் சுவர்களில் ஏறிவிட்டது. அதுதான் கேஸ் கீசர்.

வயதானவர்களுக்கு வெந்நீர் வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லோருக்குமே வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்திலும் குழாயைத் திறந்த சில நொடிகளில் சுடுதண்ணீர் கொட்டுகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தேவை நியாயமானது. கேள்வி, அந்தப் பெட்டியை யார் மாட்டுகிறார்கள், எங்கே மாட்டுகிறார்கள், எரிவாயுவை அதற்கு எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதுதான்.

வழக்கமாக நடப்பது இது. கடையில் கீசர் வாங்கியவரிடம் தண்ணீர்க் குழாய் வேலை பார்ப்பவர் ஒருவரின் எண்ணைக் கொடுக்கிறார்கள். அவர் வருகிறார். குளியலறைக்குள்ளேயே, ஷவருக்குப் பக்கத்தில், சுவரில் இரண்டு ஓட்டை போட்டுப் பெட்டியை மாட்டுகிறார். சமையலறைச் சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் டியூப்பை நடுவில் வெட்டி, ஒரு ‘டி’ ஜாயின்ட் சொருகி, கிளிப் போட்டு முறுக்குகிறார். அங்கிருந்து இன்னொரு டியூப் சுவரில் துளைத்த வழியாகக் குளியலறைக்குப் போகிறது. தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார், ஒழுகவில்லை. தீ பற்றுகிறதா என்று பார்க்கிறார், பற்றுகிறது. கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வாயு கசிகிறதா, எரிந்த புகை எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளும் அந்த வீட்டில் எழுவதே இல்லை.

அந்தக் குளியலறையின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தடி அகலம், ஆறடி நீளம், எட்டடி உயரம். உள்ளே இருக்கும் காற்று ஏழு கன மீட்டர்கூட இல்லை. நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கும் கீசர் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எல்பிஜியை எரிக்கும். ஒரு கிலோ எல்பிஜி முழுமையாக எரிய 12 முதல் 13 கன மீட்டர் காற்று வேண்டும். கதவும் ஜன்னலும் அடைத்திருக்க, வெளிக்காற்று உள்ளே வராவிட்டால், பதினைந்து நிமிடக் குளியலுக்குள் அந்த அறைக் காற்றில் பாதிக்கு நெருக்கமாகத் தீயே தின்றுவிடும். அதற்கு வெகு முன்னதாகவே பிராணவாயு குறையத் தொடங்கி, நெருப்பு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடை வெளிவிட ஆரம்பித்திருக்கும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரிச்சலும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் லேசான தலைவலி, பிறகு தலைசுற்றல், வாந்தி வருவதுபோல ஓர் உணர்வு. வெந்நீரில் குளிப்பவர் அதைப் பித்தம் என்று நினைப்பார், காலையில் சாப்பிடாததால் வந்தது என்று நினைப்பார். அடுத்து கால் துவண்டுவிடும். தாழ்ப்பாளைத் திறக்கக் கை நீளாது.

இது கற்பனை இல்லை. 2023 மார்ச் 8, ஹோலி நாள். மும்பை காட்கோபரில் வண்ணப்பொடியைக் கழுவுவதற்காகக் குளியலறைக்குள் போன கணவனும் மனைவியும் உயிரோடு வெளியே வரவில்லை. அதே பண்டிகை நாளில் டெல்லிக்குப் பக்கத்தில் காசியாபாத் மாவட்டம் முராத்நகரிலும் ஒரு தம்பதி குளியலறையில் அதேபோல இறந்து கிடந்தனர். இரண்டு இடத்திலும் சந்தேகம் கேஸ் கீசர் மீதுதான் விழுந்தது. பெங்களூரிலிருந்தும் இப்படிப்பட்ட செய்திகள் குளிர்காலம்தோறும் வருகின்றன. வலிப்பு என்று தூக்கிவரப்பட்ட பலரை விசாரித்ததில் அவர்கள் கேஸ் கீசர் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தது தெரியவந்து, இந்திய நரம்பியல் மருத்துவர்கள் அதை ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்றே மருத்துவ இதழ்களில் எழுதிவருகிறார்கள். பிழைத்தவர்களிலும் சிலருக்கு ஞாபக மறதியும் நடை தடுமாற்றமும் தங்கிவிடுகின்றன.

எல்பிஜியில் எழும் அந்தக் கெட்ட நாற்றம் இங்கே உதவாது என்பதை ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாற்றம் எரியாமல் கசியும் வாயுவைத்தான் காட்டிக்கொடுக்கும். எரிந்து முடிந்த வாயுவில் அது இருக்காது. மூக்கை நம்பியே பழகிய குடும்பம், “கேஸ் வாடையே வரலையே” என்ற தைரியத்தில் இருந்துவிடுகிறது.

நாற்றம் வந்த கதையையும் காவிரிப் படுகைக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அது எண்ணெய் வயலுக்கு நடுவே இருந்த ஓர் ஊரின் கதை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் கொழித்த வட்டாரம். அங்கிருந்த பெரிய பள்ளிக்கூடத்தில் 72 எரிவாயு வெப்பக் கருவிகளை வைத்திருந்தார்கள். 1937 தொடக்கத்தில், மாதச் செலவை மிச்சப்படுத்துவதற்காகப் பள்ளி நிர்வாகம் முறையான எரிவாயு இணைப்பை நிறுத்தியது. எண்ணெய் நிறுவனங்கள் கழிவாக எரித்துக்கொண்டிருந்த மிச்ச வாயுவின் குழாயில் ஒரு பிளம்பரை வைத்து இணைப்பு எடுத்துக்கொண்டது. அந்த வட்டாரத்தில் வீடுகளும் தேவாலயங்களும் அப்படித்தான் செய்துவந்தன, யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த வாயுவுக்கு மணமே கிடையாது. எங்கோ ஓர் இணைப்பில் கசிந்து, கட்டடத்தின் அடியில் தேங்கிக்கொண்டே இருந்தது. மார்ச் 18 மாலை, தொழிற்கல்வி அறையில் ஒரு மின்கருவியைப் போட்டபோது எழுந்த பொறியில் பள்ளிக்கூடமே மேலெழும்பி இடிந்து விழுந்தது. ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் மாண்டார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் மணமூட்டி கலப்பது சட்டமானது. இன்று காரைக்கால் சமையலறையில் கசிவு ஏற்பட்டால் மூக்கைத் துளைக்கும் மெர்காப்டன், அந்தப் பிள்ளைகளின் சாவுக்குப் பிறகு உலகம் கற்றுக்கொண்ட பாடம்.

காரைக்காலும் எரிவாயுவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர்தான். ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை நிர்வாகத் தலைமையிடம் நிரவியில் இருக்கிறது. நரிமணம் பக்கம் எடுக்கப்படும் வாயு திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையத்தை ஓட்டுகிறது. படுகை மக்கள் எரிவாயுவைப் பற்றிப் பேசாதவர்களும் அல்ல. 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் கதிராமங்கலத்தில் வயலுக்குள் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊரே திரண்டது. வயலில் புதைத்த குழாயைப் பற்றி அவ்வளவு விவாதம் நடந்தது. அடுப்படியில் தொங்கும் குழாயைப் பற்றி ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. வயல் குழாய்க்குக் கம்பெனி இருக்கிறது, உரிமம் இருக்கிறது, கேள்வி கேட்க அதிகாரி இருக்கிறார். ரெகுலேட்டரில் தொடங்கி அடுப்பிலோ கீசரிலோ முடியும் ஒன்றரை மீட்டர் டியூப்புக்குத்தான் யாருமே இல்லை.

சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. அதைக் குறித்த காலத்தில் சோதிக்கும் கடமை அவர்களுடையது. கைப்பிடிப் பட்டையில் எழுதியிருக்கும் எழுத்தும் எண்ணும் அந்தக் கணக்குத்தான். ‘பி 27’ என்றிருந்தால் 2027 ஜூன் மாதத்துக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். ரெகுலேட்டரும் அவர்கள் கொடுப்பது. அடுப்பும் கீசரும் தயாரித்த கம்பெனியின் பொறுப்பு. அடுப்புக்கு ஐஎஸ் 4246, எல்பிஜி கீசருக்கு ஐஎஸ் 15558 என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு விதி வகுத்திருக்கிறது. டியூப்புக்கும் ஐஎஸ் 9573 என்ற தரம் உண்டு. அந்தத் தரத்தில் வரும் ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப்பை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நடுவில் ஒட்டுப்போடக் கூடாது. சுவருக்குள் நுழைக்கக் கூடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. பொருள் ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது. அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்க்கும் கைக்குத்தான் எந்தத் தகுதியும் கேட்கப்படுவதில்லை.

ஒரு சிறிய பித்தளை நட் எவ்வளவு பெரிய கட்டடத்தைச் சாய்க்கும் என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் உண்டு. 1968இல் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு திறக்கப்பட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மே 16 விடியற்காலை, பதினெட்டாவது மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போடத் தீக்குச்சி கிழித்தார். அடுப்பை எரிவாயு இணைப்போடு சேர்த்திருந்த பித்தளை நட் தரமற்றது. அது விண்டு, இரவு முழுக்க வாயு கசிந்திருந்தது. வெடிப்பில் வெளிச்சுவர் பிதுங்கி விழ, அந்த மூலையின் மாடிகள் மேலிருந்து கீழ்வரை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. நான்கு பேர் இறந்தார்கள். குச்சி கிழித்தவர் உயிர் தப்பினார். கட்டுமான விதிகளையே பிரிட்டன் அதற்குப் பிறகு திருத்தி எழுதியது.

தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 23 காலை சேலம் கருங்கல்பட்டியில் சிலிண்டர் வெடித்து, அடுத்தடுத்த வீடுகள் தரைமட்டமாகி, குறைந்தது ஐந்து பேர் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதே வாரங்களில் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை முழுவதும் அடுப்புகளும் இணைப்புகளும் வெடித்துக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான சம்பவங்கள். வீட்டுப் பெண்கள் சிலிண்டரை முற்றத்தில் வைத்துவிட்டு விறகடுப்புக்குத் திரும்பினார்கள். அரசு நியமித்த நிபுணர் குழு, சிலிண்டரில் புரோபேன், பூட்டேன் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே முக்கியக் காரணம் என்று சொன்னது. போதிய மெர்காப்டன் இல்லாமல் வந்த ஒரு கப்பல் சரக்கு திருப்பி அனுப்பப்பட்டது. உள்ளே போகும் வாயுவின் தன்மை மாறினால், அதுவரை தாங்கிய டியூப்பும் ரெகுலேட்டரும் அடுப்பும் அப்படியே தாங்கும் என்று இருந்துவிட முடியாது என்பதைத்தான் அந்த வாரங்கள் காட்டின.

இந்த இடத்தில்தான் காரைக்கால் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கும் வாயு மாறப்போகிறது. நகர எரிவாயு விநியோகத் திட்டத்தில் காரைக்காலும் நாகப்பட்டினமும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சிலிண்டருக்குப் பதிலாகக் குழாயில் இயற்கை எரிவாயு வீட்டுக்கே வரும். நல்ல திட்டம், சிலிண்டர் தூக்க வேண்டாம், தீர்ந்துபோனால் அலைய வேண்டாம். ஆனால் எல்பிஜியும் இயற்கை எரிவாயுவும் குணத்தில் நேரெதிர். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் படரும், மேடைக்குக் கீழே சிலிண்டர் வைத்த அலமாரிக்குள் தேங்கும். அதற்குத் தரையோரம் காற்றுத் துளை வேண்டும். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு. கசிந்தால் மேலே ஏறிக் கூரையடியில் நிற்கும். அதற்கு உச்சியில் துளை வேண்டும். அழுத்தமும் வேறு, சூட்டுத் திறனும் வேறு. ஆகவே பர்னரில் வாயு வெளியேறும் ஜெட்டின் துளையும் வேறு. எல்பிஜிக்குச் சிறிய துளை, இயற்கை எரிவாயுவுக்குப் பெரிய துளை. இயற்கை எரிவாயுவுக்கு மாற்றிய அடுப்பையோ கீசரையோ வீடு மாறும்போது எடுத்துப்போய் யாராவது மறுபடி சிலிண்டரில் மாட்டினால், தீ மஞ்சளாகக் குதித்து, பாத்திரத்தில் கரி பிடிக்க வைக்கும். அறைக்குள் கார்பன் மோனாக்சைடைக் கொட்டும். வாடகை வீடுகள் நிறைந்த ஊரில் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. சிலிண்டரின் அடிவளையம், டியூப்பை இறுக்கும் கிளிப், சுவரில் ஓடும் குழாயின் மரைகள் எல்லாம் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் அரிப்பதைவிட இங்கே சீக்கிரம் அரித்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறும்போது சிலிண்டரும் மிதக்கும், டியூப்பும் இழுபடும். கஜா புயல் மாதிரி ஒன்று வந்து போன பிறகு வீட்டுக்கு வீடு மின்வயரைச் சோதிப்பவர்கள் உண்டு. கேஸ் இணைப்பைச் சோதிப்பவர்கள் கிடையாது.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இந்தப் பகுதியில் இன்னும் சிக்கலானது. நான்கு பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டங்களும் கடலும் சூழ்ந்த காரைக்கால், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரியிலிருந்து ஆளப்படுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,00,222. கீசர் வாங்கியது மயிலாடுதுறையிலாக இருக்கலாம். மாட்டியவர் நாகூரிலிருந்து வந்தவராக இருக்கலாம். வீடு காரைக்கால் நகராட்சிக்குள் இருக்கலாம். ஏதாவது நடந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவதற்கு எல்லா வசதியும் இருக்கிறது.

புதுச்சேரி அரசுக்கு இதில் கசப்பான அனுபவம் இருக்கிறது. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் வீட்டுக் கழிப்பறை வழியாகச் சாக்கடை விஷவாயு உள்ளே வந்து, ஒரு மூதாட்டியும், அவரைத் தூக்க ஓடிய மகளும், பக்கத்தில் வசித்த பதினைந்து வயது மாணவியும் இறந்தார்கள். அந்த வாயு வேறு, கீசர் வாயு வேறு. ஆனால் கோளாறு இருந்த இடம் ஒன்றுதான்: அரசின் குழாய் முடிந்து வீட்டின் குழாய் தொடங்குகிற இடம். வாயுவைத் தடுக்கும் நீர்ப்பூட்டு வளைவு கழிப்பறையில் இருக்கிறதா என்ற கேள்வியே மூன்று உயிர் போன பிறகுதான் பெரிதாகக் கேட்கப்பட்டது.

மற்ற நாடுகள் இதை எப்படித் தீர்த்தன என்பது ரகசியம் அல்ல. பிரிட்டனில் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே வீட்டில் எரிவாயு வேலை செய்யலாம். மற்றவர் செய்தால் குற்றம். வாடகைக்கு விடுபவர் ஆண்டுதோறும் சோதனை செய்து சான்றிதழைக் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 2008 டிசம்பரில் எரிவாயுக் கணப்பின் புகைப்போக்கி அடைத்துக்கொண்டதால் ஒரே வீட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே 2013இல் சட்டம் வந்தது. எரிபொருள் எரியும் கருவி உள்ள வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி கட்டாயமாயிற்று. டொரன்டோவில் இருக்கும் தமிழ் வீட்டில் அந்த மணி சுவரில் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் இருக்கும் தமிழ் வீட்டில் அது இல்லை.

“கேஸ் கீசரையே தடை செய்துவிட்டால் போகிறது” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சரிவராது. தடை போட்டால் கடை மூடாது. மாட்டுகிற ஆள் இன்னும் மறைவாக மாட்டுவார். எல்பிஜி ஏழைப் பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் விறகுப் புகையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. 2016 மே 1இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் அடுப்பூதிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சிலிண்டரைக் கொண்டுவந்தது. எரிவாயுவைக் கண்டு பயப்பட வைப்பது யாருக்கும் நல்லதல்ல. வேண்டியது, இணைக்கும் கைக்குப் படிப்பும் பெயரும் பொறுப்பும்.

காரைக்கால் அளவில் சின்னதாக இருப்பதே இதற்கு வசதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தீயணைப்பு நிலையம், கேஸ் ஏஜென்சிகள், நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்துகள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார முடிகிற தூரத்தில் இருக்கின்றன. ஐடிஐ இருக்கிறது, எரிவாயு இணைப்புக்கென்று ஒரு குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கி, தேறியவர்களுக்கு எண்ணிட்ட அட்டை கொடுக்கலாம். இப்போது குழாய் வேலை பார்ப்பவர்களையே முதலில் அழைத்துப் பயிற்சி தர வேண்டும். அவர்கள் பிழைப்பைக் கெடுக்க வேண்டியதில்லை. அட்டை உள்ளவர் மாட்டிய ஒவ்வொரு கீசரிலும் அவருடைய எண்ணும் தேதியும் ஒட்டப்பட வேண்டும். கீசர் விற்கும் கடை, அட்டை உள்ளவரின் கையெழுத்து இல்லாமல் உத்தரவாதச் சீட்டைக் கொடுக்கக் கூடாது. சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கானோர் வரும் திருநள்ளாற்றில் விடுதிகளுக்கும் அறை வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் இந்தச் சோதனையை முதலில் தொடங்கலாம். குளியலறைக்குள் எரியும் கீசர் எந்த விடுதியிலும் இருக்கக் கூடாது என்று உரிம நிபந்தனையிலேயே எழுதிவிடலாம். ஜிப்மரின் காரைக்கால் வளாகம் இங்கேயே இருக்கிறது. குளியலறையில் மயங்கி விழுந்தவர் என்று வரும் ஒவ்வொருவரிடமும் வீட்டில் கேஸ் கீசர் உண்டா என்று கேட்டுப் பதிவு செய்தால், இந்த வட்டாரத்தில் பிரச்சினையின் அளவு என்னவென்று முதன்முறையாகத் தெரியும்.

குழாய் எரிவாயு வருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். தெருவில் குழாய் பதித்த பிறகு, ஆயிரக்கணக்கான வீடுகளில் அவசர அவசரமாக இணைப்பு கொடுக்கும்போது, பயிற்சி பெற்ற ஆளைத் தேடி ஓட முடியாது.

அரசு செய்யும்வரை வீட்டார் கைகட்டி உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை. கீசர் குளியலறைக்குள் இருந்தால் அதைக் கழற்றி வெளிச்சுவரில், திறந்த காற்றில் மாட்டச் சொல்லுங்கள். சுடுதண்ணீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரட்டும். அதுவரை, வாளியை நிரப்பி, கீசரை அணைத்து, சற்று நேரம் கதவைத் திறந்துவைத்த பிறகே குளியுங்கள். எரியும் தீயின் நிறத்தைப் பாருங்கள்: நீலம் என்றால் சரி, மஞ்சள் என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். சோப்புத் தண்ணீரை நுரைக்க அடித்து, ரெகுலேட்டர் முனையிலும் அடுப்பு முனையிலும் பஞ்சால் தடவுங்கள். கசிவு இருந்தால் அந்த இடத்தில் சிறு குமிழ்கள் எழும்பி, உடைந்து, மறுபடி எழும்பும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். புது சிலிண்டர் வரும்போது, கொண்டுவருபவரை மூடியைக் கழற்றி வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தையும் கசிவையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அது வாடிக்கையாளரின் உரிமை.

வாடை வந்தால் சுவிட்சைப் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். இரண்டிலும் பொறி பறக்கும். அடுப்புத் திருகையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துப்போய், அங்கிருந்து 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது எல்பிஜி கசிவுக்கென்றே உள்ள அவசர எண். வாடையே இல்லாமல் குளியலறையில் தலை கிறுகிறுத்தால், உடம்பைத் துடைக்கக்கூட நிற்காமல் வெளியே வாருங்கள். உள்ளே போனவர் நெடுநேரம் குரல் கொடுக்கவில்லை என்றால் தட்டிக்கொண்டே நிற்காமல் கதவை உடையுங்கள்.

எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் காப்பீடு பற்றிப் பல வீடுகளுக்குத் தெரியாது. பதிவு செய்த வாடிக்கையாளரின் வீட்டில் எல்பிஜியால் தீவிபத்து நேர்ந்தால், உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை அதில் இடம் உண்டு. தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கண்டபடி வெட்டி ஒட்டிய இணைப்பும் தரமற்ற டியூப்பும் இருந்தால் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவதும் சிரமம்.

எண்ணெய் நிறுவனங்கள் இலவச அடிப்படைப் பாதுகாப்புச் சோதனையை நாடு முழுவதும் நடத்தியபோது, ஒன்றரை மீட்டர் சுரக்‌ஷா டியூப்பின் விலையை 190 ரூபாயிலிருந்து 150 ஆகக் குறைத்தன. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய செலவு அது. உங்கள் வீட்டு டியூப்பில் அச்சிட்டிருக்கும் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால், அடுத்த சிலிண்டருக்குப் பதிவு செய்யும்போது புது டியூப்பையும் சேர்த்துக் கேளுங்கள். கீசரை மாட்ட வருபவரிடம் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். உங்கள் வார்டுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம், காரைக்காலில் எரிவாயு இணைப்பு கொடுப்பவர்களுக்குப் பயிற்சியும் பதிவும் எப்போது வரும் என்று கேளுங்கள்.